கடைசித் தேதி

செமஸ்டர் தேர்வு தொடங்க நான்கைந்து நாள் இருக்கும்போது ஏதாவது ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். ஹால் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் இரண்டு வரிசை நிற்கும். அறிவிப்புப் பலகை எதுவும் இருக்காது. ஆனால் எது எந்த வரிசை என்று எல்லோருக்கும் தெரியும். முதல் வரிசை மளமளவென்று நகரும். இரண்டாவது வரிசையில் நிற்பவர்கள் கையில் ஒரு வெள்ளைத்தாள். 'மீதிக் கட்டணத்தை இந்த மாத இறுதிக்குள் கட்டிவிடுகிறேன்' என்று முதல்வருக்கு எழுதிய கடிதம். அதில் வகுப்பு ஆசிரியர் கையெழுத்து, துறைத்தலைவர் கையெழுத்து எல்லாம் வாங்கியாக வேண்டும். அப்பாவோ அம்மாவோ நேரில் வந்தால்தான் ஆச்சு என்பது சில இடங்களில் கூடுதல் விதி. அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்த அப்பா, தன் மகனைவிட நாலைந்து வயதே மூத்த கிளார்க்கிடம் 'சார், சார்' என்று கெஞ்சிக்கொண்டிருப்பார். பக்கத்தில் மகன் தலையைக் குனிந்து போனையே பார்த்துக்கொண்டு நிற்பான். திரை அணைந்திருக்கும்.

அதே வாரத்தில் அவன் தேர்வு எழுதுவான். அதில் வாங்கும் மதிப்பெண்ணை அவனுடைய திறமைக்குச் சான்றாகப் பட்டியலில் ஏற்றிவிடுவோம்.

பணக்கவலை மாணவர்களின் மனதை என்ன செய்கிறது என்று கேட்டால் பேச்சு உடனே வறுமைப் பக்கம் திரும்பிவிடுகிறது. ஏழை வீட்டுப் பிள்ளை, கஷ்டப்பட்டுப் படிக்கிறான், ஜெயிப்பான். இந்தக் கதையை நாம் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டோம். அதில் விட்டுப்போகும் ஒரு விஷயம் தேதி. பல குடும்பங்களில் பணம் வரத்தான் செய்கிறது. அறுவடை முடிந்தால் வரும், சீட்டு எடுத்தால் வரும், உதவித்தொகை வரும், வங்கிக் கடனும் வரும். கல்லூரி கேட்கிற தேதியில் வருவதில்லை, அவ்வளவுதான். மாணவரின் தூக்கத்தைப் பறிப்பதும், புத்தகத்தின் ஒரே பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார வைப்பதும் பெரும்பாலும் அந்த இடைவெளிதான்.

இதைவிடத் தெளிவான வழக்கு ஒன்று இருக்க முடியாது. உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகர் மாவட்டத்தில் ஒரு கிராமம். தலித் கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு 2024-ல் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. இடத்தை உறுதிசெய்யக் கட்ட வேண்டியது 17,500 ரூபாய். கெடு ஜூன் 24, மாலை 5 மணி. அங்கே இங்கே கேட்டு முழுத்தொகை சேர்ந்தபோது கெடுவுக்குச் சில நிமிடங்களே மிச்சம். விவரங்களைப் பதிவேற்றிக்கொண்டிருக்கும்போதே இணையதளம் மூடிக்கொண்டது. பையன் பல கதவுகளைத் தட்டினான். அந்த ஆண்டு நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் வந்தான். கடைசியில் செப்டம்பர் 30 அன்று, அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, அரசமைப்பின் 142-ஆவது பிரிவின் கீழ் தனக்குள்ள தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி அவனுக்கு இடம் கொடுக்கச் சொன்னது.

அந்தக் குடும்பம் பணத்தைப் புரட்டிவிட்டது. இணையதளம்தான் காத்திருக்கவில்லை. ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை ஒரு பதினெட்டு வயதுப் பையன் எந்த மனநிலையில் ஊர் ஊராக அலைந்திருப்பான்? தீர்ப்பைக் கொண்டாடிய செய்திகள் இந்தக் கேள்விப் பக்கம் அதிகம் போகவில்லை.

கவலை மூளையை என்ன செய்கிறது என்பதற்கு நம் ஊர்க் கரும்புக் காட்டிலிருந்தே ஓர் ஆய்வு கிடைத்திருக்கிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வரும் 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்கள், 464 கரும்பு விவசாயிகள். ஒவ்வொருவருக்கும் இரண்டு முறை தேர்வு: அறுவடைக்கு முன் கை வறண்டு கிடக்கும்போது ஒன்று, அறுவடை முடிந்து பணம் வந்த பிறகு ஒன்று. வடிவங்களைப் பார்த்து விடுபட்டதைக் கண்டுபிடிப்பது, கண்ணை ஏமாற்றும் எண்களைத் தடுமாறாமல் சொல்வது மாதிரியான சோதனைகள். ஆலைகள் ஒரே நாளில் எல்லோருக்கும் வெட்டு உத்தரவு கொடுப்பதில்லை. ஒருவருக்கு இந்த மாதம் என்றால் இன்னொருவருக்கு அடுத்த மாதம். அதனால் பருவநிலையையோ பண்டிகையையோ காரணம் காட்டித் தப்ப வழியில்லை.

அறுவடைக்கு முன் அந்த விவசாயிகளில் 78 சதவீதம் பேர் ஏதாவது ஒன்றை அடகு வைத்திருந்தார்கள். அறுவடைக்குப் பின் அது 4 சதவீதம். சோதனையிலும் அதே ஆள், அதே மூளை, அறுவடைக்குப் பிறகு கணிசமாக மேலாகச் செய்தார். பணத்தட்டுப்பாடு அறிவுக்கு ஏற்படுத்தும் இந்த இழப்பை, ஓர் இரவு முழுக்கத் தூங்காமல் இருந்துவிட்டு வருவதோடு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். ஏழைக்கு அறிவு குறைவு என்று திண்ணையில் பேசுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. அறிவு அங்கேயேதான் இருக்கிறது. அதன் பாதியை 'வட்டிக்காரன் நாளைக்கு வருவான்' என்பது பிடித்து வைத்திருக்கிறது.

விவசாயிக்கு அறுவடை என்று ஒரு நாள் வந்துவிடுகிறது. பொறியியல் மாணவருக்கு எட்டு செமஸ்டரும் அறுவடைக்கு முந்தைய காலம்தான்.

ஐம்பது ரூபாயில் மூன்று வேளை

தமிழ்நாடு இந்த விஷயத்தில் சும்மா இருந்த மாநிலம் இல்லை. 2021-22 கணக்கின்படி, கல்லூரி வயதில் இருப்பவர்களில் உயர்கல்விக்கு வருபவர்களின் விகிதம் இங்கே 47 சதவீதம்; நாடு முழுவதற்கும் 28.4. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு 2010 முதல் தொழிற்படிப்புக் கட்டணத்தில் சலுகை. அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். இவ்வளவு பேர் கல்லூரிக்குள் வந்துவிட்டார்கள் என்பதே பெருமைப்பட வேண்டியது. ஆனால் வந்தவர்களில் ஏராளமானோர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். 'மெஸ் பில் கட்டலேன்னா என்ன பண்ணுவாங்க?' என்று கேட்டால் பதில் சொல்ல அண்ணனோ அத்தையோ வீட்டில் கிடையாது. வசதியான வீட்டில் ஒரு போனில் தீர்கிற சின்னச் சிக்கல், இங்கே மூன்று வாரம் மனதுக்குள் ஊறுகிறது.

உதவித்தொகையின் பாதையைக் கவனியுங்கள். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை ஒரு பெரிய திட்டம். 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. ஒன்றியம் 60, மாநிலம் 40 என்ற பங்கு. பணம் நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும் என்றும் ஆனது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கல்லூரி கட்டணம் கேட்பது ஜூலையில். வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதாரில் ஒரு எழுத்தும் வங்கிப் புத்தகத்தில் வேறு எழுத்தும் இருப்பதால் வரும் சிக்கல், கல்லூரி சரிபார்ப்பு, மாவட்ட அலுவலகச் சரிபார்ப்பு எல்லாம் முடிந்து பணம் ஏறும்போது கல்வியாண்டு முடியும் தறுவாய். அதுவரை கல்லூரிப் பதிவேட்டில் அந்த மாணவர் பாக்கிக்காரர். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் 'கட்டணம் செலுத்தாதவர்கள்' பட்டியல் வரும்போது அதில் அவருடைய பெயர் இருக்கும். அரசு தர ஒப்புக்கொண்ட பணத்துக்காக, அறுபது பேர் பார்க்கிற இடத்தில் கடனாளியாக நிற்பது அந்த மாணவர்.

விடுதிக்கு வருவோம். அரசு நடத்தும் ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் கல்லூரி விடுதிகளில் ஒரு மாணவருக்கான உணவுப்படி 2023-ல் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. அதற்கு முன்பு நாளொன்றுக்கு 37 ரூபாய்க்கும் குறைவு; உயர்த்திய பிறகு 50. மூன்று வேளைக்கும் சேர்த்து. 2025-ல் இந்த விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது, படியை இன்னும் கொஞ்சம் ஏற்றினால் இன்னும் நன்றாக இருக்கும். விடுதி கிடைக்காமல் மேன்ஷனிலும் பங்கு அறையிலும் இருப்பவர்களுக்கு அந்த ஐம்பதும் கிடையாது. சென்னையில் அப்படிப்பட்டவர்களுக்கு அம்மா உணவகத்தின் ஒரு ரூபாய் இட்லி எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை மாதக் கடைசியில் அங்கே போனால் பார்க்கலாம். தோளில் பையோடு வந்து நிற்கும் முகங்கள் அப்போது கூடும்.

சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு 2017-ல் கட்டண நிர்ணயக் குழு வைத்த வரம்பு, கலந்தாய்வு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 55,000. நிர்வாக இடத்துக்கு 85,000, 87,000. தகப்பன் மனதில் பதிவது இந்த எண்தான். அதற்குப் பிறகு கல்லூரிப் பேருந்து, விடுதி, தேர்வுக் கட்டணம், லேப் கோட், பிளேஸ்மென்ட் டிரெய்னிங், சிம்போசியம் பதிவு என்று ஒவ்வொன்றாக வரும். ஐ.வி. என்று பிள்ளைகள் சொல்லும் தொழிற்சாலைச் சுற்றுலா வரும். பெயர்தான் தொழிற்சாலை. ஒரு நாள் ஆலையும் இரண்டு நாள் கோவாவுமாக அது முடியும். அந்த வாரத்தில் வகுப்பில் இரண்டு மூன்று பேருக்குச் சொல்லிவைத்தாற்போல் காய்ச்சல் வரும், பாட்டிக்கு உடம்பு சரியில்லாமல் போகும். கூட்டாளிகள் திரும்பி வந்து மாதக்கணக்கில் அந்தப் பயணத்தின் சிரிப்புகளையே பேசுவார்கள். போகாதவன் கேட்டுக்கொண்டிருப்பான், பிறகு மெல்ல வேறு பெஞ்சுக்கு மாறுவான். தனிமை இப்படித்தான் தொடங்குகிறது. எந்த மருத்துவக் கையேட்டிலும் இது நோய்க்குறியாக இருக்காது.

பந்தி முடிய நள்ளிரவு

முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்துக்குச் சாப்பிடப் போகும்போது பரிமாறுகிற பையன்களின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கறுப்புப் பேன்ட், வெள்ளைச் சட்டை, தலையில் வலைத்தொப்பி, கையில் உறை. பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள். கேட்டரிங் வேலை என்பது அவர்கள் பேச்சில் சாதாரணச் சொல். மாலை வரவேற்புக்கு நான்கு மணிக்கே போய் மேசை போட வேண்டும், இலை விரிக்க வேண்டும். கடைசிப் பந்தி எழுந்து பாத்திரம் ஒதுங்க நள்ளிரவு. மண்டபத்து மாடியில் ஜமுக்காளத்தை விரித்துப் படுத்தால், காலை டிபனுக்கு நான்கரைக்கு எழுப்பிவிடுவார்கள். சாம்பார் வாளியோடு வரிசையில் போகும்போது, பெண்வீட்டார் கூட்டத்தில் வகுப்புத் தோழி யாராவது உட்கார்ந்திருந்தால் வாளியைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்கு ஓடுவதும் உண்டு. சம்பளம் கைமேல் காசு, அதுதான் இதன் கவர்ச்சி. உணவு டெலிவரியில் வண்டியும் பெட்ரோலும் நம்முடையது. இங்கே வயிறாரச் சாப்பாடும் சேர்ந்துவிடுகிறது.

அடுத்த நாள் முதல் வகுப்பு போய்விடும். மறுநாளும் தூக்கத்தில் போய்விடும். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் கல்லூரி என்ன கேட்கும்? கண்டொனேஷன் கட்டணம். அதாவது, பணம் இல்லாததால் வேலைக்குப் போனவன், வேலைக்குப் போனதால் வருகை குறைந்து, வருகை குறைந்ததற்குப் பணம் கட்ட வேண்டும். இந்த விதியை எழுதியவர்கள் கொடுமைக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. வகுப்புக்கு வராத மாணவன் என்றால் அவர்கள் மனதில் சினிமாவுக்குப் போகிறவன்தான் வந்திருப்பான். அரசு கலைக் கல்லூரிகளில் காலை, மாலை என்று இரண்டு சுழற்சி இருப்பது இந்த வகையில் பெரிய புண்ணியம். காலையில் பெட்ரோல் பங்கிலோ துணிக்கடையிலோ நின்றுவிட்டுப் பிற்பகலில் வரலாம். தனியார் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் அந்த நீக்குப்போக்கு கிடையாது.

பிரிட்டனில் தாமஸ் ரிச்சர்ட்சனும் உடன் ஆய்வாளர்களும் 454 முதலாண்டு மாணவர்களிடம் ஓராண்டுக்குள் நான்கு முறை வரை கேட்டறிந்து 2017-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பணநெருக்கடி அதிகம் இருந்தவர்களுக்குப் பின்னாளில் பதற்றம் கூடியது, பொதுவான மனநலமும் குன்றியது. அத்தோடு நிற்கவில்லை. பதற்றம் அதிகம் இருந்தவர்களின் பணநிலை பின்னாளில் இன்னும் மோசமானது. இரு பக்கமும் இழுக்கிற சுழல் அது. நம் ஊரில் இதற்கு உதாரணம் தேட வேண்டாம். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியைத் திறக்கவே பயந்து, உதவித்தொகை விண்ணப்பத்தில் திருத்தம் கேட்டு வந்த செய்தியையும் சேர்த்துத் தவறவிடுவார்கள். அலுவலகம் அழைக்கும் என்று போனை அணைத்து வைப்பார்கள். ஒரே வீச்சில் எல்லாவற்றையும் அடைத்துவிடலாம் என்று ஆன்லைன் ரம்மியில் இறங்கியவர்களும், மூன்றே நிமிடத்தில் கடன் தரும் செயலியில் ஐயாயிரம் வாங்கிவிட்டு, போனில் இருந்த அத்தனை பேருக்கும் மிரட்டல் போய்ச் சேர்ந்ததைப் பார்த்து நடுங்கியவர்களும் இதே சுழலில் விழுந்தவர்கள்தான். அவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று திட்டுவது சுலபம். அறுவடைக்கு முன் சோதனை எழுதிய அந்த விவசாயிகளை நினைத்துக்கொண்டால் அவ்வளவு சுலபமாகத் திட்ட வராது.

அம்மாவின் கழுத்தும் அப்பாவின் சிபிலும்

கல்விக் கடனின் விதிகளைப் படித்தால் தேன் வடியும். நான்கு லட்சம் வரை பிணை வேண்டாம், முன்பணம் வேண்டாம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கேட்க மாட்டார்கள். குடும்ப வருமானம் நான்கரை லட்சத்துக்குள் இருந்து, படிப்பும் கல்லூரியும் தகுதியானவையாக இருந்தால் படிக்கும் காலத்து வட்டியை ஒன்றிய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. விண்ணப்பிக்க வித்யாலட்சுமி இணையதளம் 2015-ல் வந்தது. கிளை மேலாளரின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தால் கதை வேறு. 'உங்க ஏரியா எங்க பிராஞ்ச்ல வராதே', 'எல்.ஐ.சி. பாண்ட் ஏதாவது இருக்கா', 'அப்பாவோட சிபில் சரியில்லையே.' கிளையின் எல்லையைக் காட்டிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காக ஒரு மாணவருக்குக் கல்விக் கடன் மறுப்பது சரியல்ல என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் சொன்னது. இந்த இரண்டு செய்தியும் போடிநாயக்கனூரிலிருந்தோ பெரம்பலூரிலிருந்தோ வரும் தகப்பனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

வங்கி இழுத்தடிக்கிற அந்த இரண்டு மாதத்தில்தான் அம்மாவின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. மகளாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. போவது அவள் கல்யாணத்துக்கென்று சேர்த்த நகை. 'உன் நகையை வெச்சுத்தான் உன்னைப் படிக்க வைக்கிறோம்' என்று யாரும் திட்டிச் சொல்வதில்லை. சாப்பிடும்போது போகிற போக்கில் சொல்வார்கள். ஒரு அரியர் விழுந்தால் அவளுக்குத் தோன்றுவது, தேர்வில் தோற்றோம் என்பதல்ல. நகையை இழந்தோம் என்பது. பணம் முட்டினால் முதலில் நிற்கப்போவது தன் படிப்பா, தம்பியின் படிப்பா என்பதும் அவளுக்குத் தெரியும். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவியாக இருந்த திட்டத்தை 2022-ல் படிப்பு உதவியாக மாற்றியதை அதனால்தான் நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். ஆயிரம் ரூபாய் பெரிய தொகை இல்லை. ஆனால் அது அவள் பெயரில், அவள் கணக்கில், மாதந்தோறும் வருகிறது. நாப்கின் வாங்கவும் ரீசார்ஜ் செய்யவும் யாரிடமும் கை நீட்ட வேண்டாம் என்கிற நிம்மதியை ரூபாயில் கணக்குப் போட முடியாது.

படித்து முடித்த பிறகும் இது விடுவதில்லை. ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் கடன் வாங்கிய, வட்டி மானியம் கிடைக்காத ஒருவருக்குப் பத்து சதவீத வட்டியில், தவணை தொடங்கும் நாளில் கணக்கு ஐந்து லட்சத்தைத் தாண்டியிருக்கும். பத்தாண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் ஏழாயிரம். பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் புதியவர்களுக்குத் தரும் ஆண்டுச் சம்பளம் மூன்றரை லட்சத்தையொட்டியே நெடுநாளாக நிற்கிறது. அந்த வேலையும் கிடைக்காதவருக்கு? 2016 ஜூலையில் மதுரையில், கல்விக் கடன் வசூல் நெருக்கடிக்கு ஆளான ஓர் இளம் பொறியாளர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வங்கி அந்தக் கடனை வேறொரு நிறுவனத்தின் வசூலுக்கு விட்டிருந்தது. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூல் முகவர்கள் அழைக்கக் கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி அழுத்திச் சொன்னது. கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்கத் தமிழ்நாடு 2025-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

ஆய்வு மாணவர்கள் நிலையும் இதுதான். 2016 ஜனவரியில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் இறந்த ரோஹித் வேமுலா, ஏழு மாத உதவித்தொகையான 1,75,000 ரூபாய் தனக்கு வர வேண்டியிருப்பதைத் தன் கடைசிக் கடிதத்தில் குறிப்பிட்டு, அதை வீட்டுக்குச் சேர்க்கும்படி கேட்டிருந்தார். அந்த மரணம் எழுப்பிய கேள்விகளில் சாதிதான் முதன்மையானது. பணத்துக்குள் அதை அடக்கப் பார்ப்பது அநியாயம். ஆனாலும், கடைசி நேரத்திலும் ஒருவர் நினைவில் அந்தத் தொகை இருந்தது என்பதை எந்தப் பல்கலைக்கழக நிதி அலுவலரும் மறக்கக் கூடாது.

ஆலோசகர் அறை எங்கே இருக்கிறது?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-ல் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். தமிழ்நாட்டில் 1,416, மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். பள்ளிப் பிள்ளைகளும் இதில் அடக்கம். இவ்வளவும் பணத்தால் என்று யாரும் சொல்ல முடியாது. தேர்வு, காதல், குடும்பம், நோய் எல்லாம் பின்னிக்கிடக்கும். எந்த ஒரு மரணத்துக்கும் ஒற்றைக் காரணம் சொல்வது தவறு. உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் மாணவர் மனநலத்துக்காகத் தேசியப் பணிக்குழு அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில், நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் இருக்கும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றிலும் தகுதியான ஆலோசகர் இருக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 2022-லேயே மருத்துவக் கல்லூரிகளில் 'மனம்' திட்டம் தொடங்கியிருந்தது.

இவையெல்லாம் வேண்டும். ஆனால் கல்லூரிகள் இதை நிறைவேற்றும் அழகைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. உள்மதிப்பீட்டு மதிப்பெண் போடும் பேராசிரியரே ஆலோசகர். அறை இருப்பது முதல்வர் அறைக்கு எதிரில். கட்டணம் கட்டாததற்காக நேற்று எழுப்பி நிற்க வைத்தவரிடம் இன்று மனம் திறக்கும் மாணவர் எங்கே இருக்கிறார்? அப்படியே திறந்தாலும், நல்ல ஆலோசகரால் மூச்சுப்பயிற்சி சொல்லித்தர முடியும், தூங்கும் வழி சொல்ல முடியும், தேவைப்பட்டால் மருத்துவரிடம் அனுப்ப முடியும். கட்டணக் கெடுவை ஒரு வாரம் தள்ளிவைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அந்த அதிகாரத்தை ஆலோசகருக்குக் கொடுத்தால் என்ன கெட்டுவிடும் என்று எனக்குப் புரியவில்லை.

நெருக்கடியில் இருப்பவர் கல்லூரியை நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனாஸின் எண் 14416. கட்டணமில்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. பணப் பிரச்சினைக்கெல்லாம் அங்கே பேசுவதா என்று தயங்குகிறவர்கள் நிறைய. அதற்கும்தான் பேச வேண்டும். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: கட்டணப் பாக்கியைக் காட்டி அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கல்லூரிக்கு உரிமை இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு இதைப் பல முறை அறிவித்திருக்கிறது, சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் கண்டித்திருக்கிறது.

சரிசெய்ய முடியாத காரியமா என்றால் இல்லை. 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வரும் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசு ஏற்கிறது. கல்லூரிக்கும் அரசுக்கும் நடுவே தீர வேண்டிய கணக்கு, அங்கே மாணவரின் தலையில் விழுவதில்லை. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும் அதையே செய்யலாம்: விண்ணப்பம் சரிபார்ப்பில் இருக்கிறது என்று இணையதளம் காட்டினாலே அந்த மாணவரின் பெயர் பாக்கிப் பட்டியலில் வரக் கூடாது. நடிகர் சூர்யாவின் அகரம் அறக்கட்டளை 2010 முதல் நடத்தும் 'விதை' திட்டத்தில் கட்டணத்தோடு ஒரு வழிகாட்டியையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். வீட்டில் இல்லாத அந்த அண்ணனின் வேலையை அவர் பார்க்கிறார். முன்னாள் மாணவர் சங்கங்கள் ஆண்டுதோறும் போடும் விருந்துச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கினால், ஐயாயிரம் பத்தாயிரம் என்று வட்டியில்லாக் கைமாற்று நிதி ஒவ்வொரு கல்லூரியிலும் வைத்துவிடலாம்.

கட்டணத் தேதியை மூன்று மாதம் தள்ளினால் கல்லூரி திவாலாகிவிடும் என்பதுதான் நிர்வாகங்கள் சொல்லும் வாதம். கணக்குப் போட்டே பார்ப்போம். ஒரு மாணவருக்கு 50,000 ரூபாய். ஆண்டுக்கு ஒன்பது சதவீத வட்டி என்று வைத்தால் மூன்று மாதத்துக்குக் கல்லூரி இழப்பது 1,125 ரூபாய். அதே தொகையை அதே மூன்று மாதத்துக்கு வெளியில் மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கும் குடும்பம் கட்டுவது 4,500. உண்மையிலேயே காலம் கேட்டு நிற்பவர்கள் வகுப்புக்குப் பத்துப் பேர் இருப்பார்களா? அறுபது பேர் வகுப்பில் பத்துப் பேருக்கு அந்த 1,125 வீதம் 11,250 ரூபாய். கல்லூரி ஆண்டு விழா மேடை அலங்காரத்துக்கு இதைவிடக் கூடுதலாகவே ஆகிறது.